கோழிக்குப் பின்னால் வந்த நரி

குழந்தை இலக்கியம் வளரவேண்டும் என்று பேசாத மேடை நம்மிடையே இல்லை. பாட்டில் எளிமை வேண்டும், கதையில் நீதி வேண்டும், சொல்லில் தூய்மை வேண்டும் என்று அறிஞர் பலரும் எடுத்துரைக்கின்றனர். படத்தைப் பற்றிப் பேசுவாரைத்தான் காணோம். 'அழகிய வண்ணப் படங்களுடன்' என்று அட்டையில் ஒரு வரி அச்சிட்டுவிட்டால் அத்துடன் படத்தின் கணக்குத் தீர்ந்தது. வரைந்தவர் பெயர், அச்சகத்தின் முகவரிக்கு அருகில் பொடி எழுத்தில் இருந்தால் உண்டு. பல நூல்களில் அதுவும் இல்லை. எழுதியவர் வீட்டின் தலைவர், வரைந்தவர் சுவருக்கு வண்ணம் பூச வந்தவர் என்ற நினைவு நம் பதிப்பாளரிடம் மட்டுமன்று, எழுத்தாளரிடமும் வேரூன்றியிருக்கிறது. இந்நினைவு நம் குழந்தைகளுக்கு எத்துணை இழப்பை உண்டாக்கியிருக்கிறது என்பதைச் சிறிது ஆராயலாம்.

ஆராய்வதற்கு ஒரு சிறு நூலை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் என்னும் அம்மையார் தாமே எழுதித் தாமே வரைந்து 1968ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. பெயரைத் தமிழில் 'ரோசியின் உலா' எனலாம். ரோசி ஒரு பெட்டைக்கோழி. பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டுச் சாப்பாட்டு வேளைக்குக் கூட்டுக்குத் திரும்புகிறது. கதை இவ்வளவே. நூல் முழுவதிலும் 32 சொற்கள்தாம். அவையும் சேர்ந்து ஒரே வாக்கியம். அந்த 32 சொற்களையும் ஒருவர் தொலைபேசியில் நமக்குப் படித்துக் காட்டினால், 'இதை ஏன் ஐயா அச்சிட்டார்கள்?' என்றே கேட்போம்.

படத்தைப் பார்த்தால் வேறு கதை. கோழியின் பின்னால் ஒரு நரி வருகிறது. பாய்கிறது, கீழே கிடந்த வாரியை மிதித்து முகத்தில் அடி வாங்குகிறது. மறுபடி பாய்கிறது, குளத்தில் விழுகிறது. வைக்கோற்போர் அதை மூடுகிறது, மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது, இறுதியில் தேனீக்கள் துரத்துகின்றன. கோழியோ திரும்பியும் பார்க்கவில்லை. எழுத்தில் 'நரி' என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை.

இதனால் விளைவது யாது? தந்தை எழுத்தைப் படிக்கிறார். மடியிலிருக்கும் மூன்று வயதுப் பிள்ளை படத்தைப் படிக்கிறது. எழுத்தறியாத பிள்ளை, எழுத்தறிந்த தந்தையைவிடக் கூடுதலாக அறிந்திருக்கிறது. 'அப்பா, நரி! நரி!' என்று அது கூவுகிறது. அறிந்தோர் உலகில் எந்நாளும் கடைசி வரிசையில் நிற்கும் குழந்தைக்கு, ஒரு நூலின் முன்னே முதல் வரிசை கிடைக்கிறது. பிள்ளை ஏன் அந்நூலை நூறு முறை கேட்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டா.

படம்தான் எல்லாம், எழுத்து வீண் என்று இங்கே முடிவுகட்டிவிடலாகாது. எழுத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் பார்த்தால், நரி இடறிவிழும் வேடிக்கை மிஞ்சும். கோழியின் அலட்சியம் மறைந்துவிடும். அந்த அலட்சியம் இருப்பது எழுத்தின் நடையில். ஒன்றுமே நிகழாததுபோல் வாக்கியம் நிதானமாக நடந்துசெல்வதால்தான் நரியின் பாடு நகைப்பாகிறது. படத்தை எடுத்தால் கதை செத்துப்போகிறது, எழுத்தை எடுத்தால் சுவை செத்துப்போகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் நூல் வாழ்கிறது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் நூல்களுக்கு வருவோம்.

காதிலிருந்து வந்த இலக்கியம்

நம் குழந்தை நூல்கள் பெரும்பாலானவற்றில் படத்தைக் கிழித்தெறிந்தாலும் பாட்டு அப்படியே நிற்கும். பாட்டில் பசு வந்தால் படத்தில் ஒரு பசு. பாட்டில் நிலா வந்தால் படத்தில் ஒரு நிலா. படம் சொல்லுக்கு எதிரொலி. இதற்காக நம் கவிஞர்களைக் குறைகூறுவது முறையன்று. காரணம் ஆழத்தில் இருக்கிறது. தமிழில் குழந்தை இலக்கியம் காதின் வழியாகப் பிறந்தது. தாலாட்டும் விளையாட்டுப் பாட்டும் விடுகதையும் அச்சுக்கு முன்பே வாழ்ந்தவை. பாரதியார் 1915இல் 'பாப்பா பாட்டு' பாடியபோதும், கவிமணி குழந்தைகளுக்குப் பாடியபோதும், அப்பாட்டுகள் எந்த ஓவியரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. தாயின் குரலும் கைத்தாளமும் போதுமாயிருந்தன. 1944இல் 'மலரும் உள்ளம்' வழியாக வெளிவந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளும் அந்த வழியினவே. ஒரு முறை கேட்டால் நாவில் ஒட்டிக்கொள்ளும் ஓசை அவருடையது. பாட்டு தன்னளவில் நிறைந்துவிட்ட இடத்தில் படம் விருந்தாளியாகத்தானே வர இயலும்?

மேலைநாட்டில் கதை வேறாக நடந்தது. பியட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் 1893இல் நோயுற்றிருந்த ஒரு சிறுவனுக்குக் கடிதம் எழுதினார். எழுத எழுத இடையிடையே முயல்களை வரைந்துகொண்டே போனார். அக்கடிதமே பின்னர்ப் 'பீட்டர் முயல்' கதையாயிற்று. பதிப்பாளர் ஏற்காமையால் 1901இல் தம் செலவில் 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டு வண்ணப் பதிப்பு வெளிவந்தது. நூல் சிறிய அளவில் இருக்கவேண்டும், சின்னஞ்சிறு கைகள் அதைப் பிடிக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். எழுதிய கையே வரைந்த கையாகவும் இருந்தமையால், இது சொல்லின் பங்கு, அது படத்தின் பங்கு என்ற பாகப்பிரிவினை தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிட்டது.

அந்தப் பிரிவினையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் அமெரிக்கரான மாரிஸ் செண்டாக். 1963இல் வெளிவந்த அவருடைய 'காட்டுப் பிராணிகள் இருக்குமிடம்' என்னும் நூலில், குறும்பு செய்த மேக்ஸ் என்னும் சிறுவனைத் தாய் சோறில்லாமல் அறைக்கு அனுப்பிவிடுகிறாள். முதற் பக்கங்களில் படம் சிறியது, சுற்றிலும் வெள்ளைத்தாள். அறையில் மரங்கள் முளைக்க முளைக்கப் படம் வளர்கிறது, வெள்ளை விளிம்பைத் தின்கிறது, எதிர்ப்பக்கத்துக்குத் தாவுகிறது. சிறுவன் காட்டுப் பிராணிகளுக்கு அரசனாகிக் கூத்தாடும்போது, இரு பக்கம் முழுதும் நிறைந்த படங்கள் மூன்று அடுத்தடுத்து வருகின்றன. எழுத்து ஒன்றுகூட இல்லை. கோபம் உச்சியை அடைந்த இடத்தில் மொழி வாயடைத்துப்போகிறது. பிறகு படம் மெல்லச் சுருங்கி அவன் வீடு திரும்புகிறான். ஆனால் திரும்பிவந்த அறையின் படம், முதலில் கண்டதுபோல் சிறிதாக இல்லை, பக்கத்தை நிறைக்கிறது. புறப்படும்போது சன்னலில் பிறைநிலா, திரும்பும்போது முழுநிலா. அதற்கடுத்த கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. அவனுக்காக வைத்திருந்த உணவு இன்னும் ஆறவில்லை என்பதை எழுத்து மட்டும் சொல்லி முடிக்கிறது. தாய் நூல் முழுவதிலும் படத்தில் வருவதில்லை. அவள் அன்பும் படத்தில் வருவதில்லை. இதை எழுதியவர் வேறு, வரைந்தவர் வேறாக இருந்து, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா?

'அப்படியானால் தமிழில் ஓவியம் இல்லையா?' என்று வாசகர் கேட்கக்கூடும். உண்டு. 1947 சூலையில் தொடங்கி, இப்போது நின்றுவிட்ட 'அம்புலிமாமா'வை அறியாத தமிழ் வீடு அந்நாளில் குறைவு. பக்கத்துக்குப் பக்கம் படம் வேண்டும் என்பதைக் கொள்கையாகக் கொண்டிருந்த இதழ் அது. 1952இல் அதில் சேர்ந்த ஓவியர் சங்கர், வேதாளக் கதைகளுக்கு வரைந்த அந்த ஒரு படத்தை நினைத்துப் பாருங்கள். இடத்தோளில் தொங்கும் பிணம், அதன் வெண்தலைமயிர், விக்கிரமாதித்தன் கையில் உருவிய வாள், காலடியில் மண்டையோடுகள். மாதந்தோறும் கதை மாறியது, கேள்வி மாறியது, அந்தப் படத்தின் அச்சம் மாறவில்லை. அரசன் பேசக்கூடாது என்பது கதையின் விதி. வாய் மூடியிருப்பவனின் மனவுறுதியைச் சொல்லால் ஒருமுறை சொல்லலாம், திரும்பத்திரும்பச் சொன்னால் சலிக்கும். சங்கர் அதைத் தாடையிலும் பிடித்த வாளிலும் வைத்துவிட்டார். கதையில் வந்த கேள்விகளை நாம் மறந்திருக்கலாம். அந்தத் தாடையை மறந்தவர் யார்? தம் 96ஆம் அகவையில், 2020இல் அவர் மறைந்தபோது நாளிதழ்கள் செய்தி வெளியிட்டன. அவர் வாழ்ந்த காலத்தில் அவர் படங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையேனும் நம் இலக்கியப் பகுதிகளில் வந்ததாக என் கண்ணில் படவில்லை. கதைகளைப் பற்றி எத்தனையோ கண்டதுண்டு.

இரண்டு சங்கங்கள்

இவ்விடத்தில் ஒரு வரலாற்று ஒப்புமை நினைவுக்கு வருகிறது. சென்னையில் 1950ஆம் ஆண்டிலேயே குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றிவிட்டது. சக்தி வை. கோவிந்தன், அழ. வள்ளியப்பா முதலியோர் முன்னின்றனர். மாநாடுகள், புத்தகக் காட்சிகள், போட்டிகள் எனப் பல பணிகளை அது செய்தது. சிறுவர்க்கு எழுதுவதும் இலக்கியப் பணியே என்ற தன்மானத்தை எழுத்தாளருக்குத் தந்தது. வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே இதையெல்லாம் செய்தார் என்பதை மறக்கலாகாது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டீபன் மூசர், லின் ஆலிவர் என்னும் இருவர் இத்தகைய சங்கம் ஒன்றைத் தொடங்கியது 1971இல்தான். நாம் 21 ஆண்டு முந்திக்கொண்டோம்!

அமெரிக்கச் சங்கமும் முதலில் எழுத்தாளர் சங்கம் என்றே பெயர் பெற்றிருந்தது. பின்னர் ஓவியரையும் பெயரில் சேர்த்துக்கொண்டு, 'குழந்தை நூல் எழுத்தாளர், ஓவியர் சங்கம்' என்றாயிற்று. உலகெங்கும் கிளை பரப்பியது. பெயரில் ஒரு சொல் கூடியதால் என்ன வந்துவிடும் என்று கேட்பது எளிது. ஓவியர் தம் படச்சுவடியுடன் எழுத்தாளர் இருக்கும் அவைக்கு வருகிறார். தம் தொழிலின் நுணுக்கத்தைப் பேசுகிறார். அதைக் கேட்ட எழுத்தாளர் வீட்டுக்குப் போய்த் தம் கைப்படியில் பாதி வரிகளை அடித்துவிடுகிறார். இதுதான் வருகிறது. நம் சங்கத்தின் பெயர் எழுத்தாளரோடு நின்றது.

பரிசுகளையும் பாருங்கள். அமெரிக்க நூலகச் சங்கம் எழுத்துக்கு 1922 முதல் ஒரு பதக்கமும், ஓவியத்துக்கு 1938 முதல் தனியே ஒரு பதக்கமும் அளித்துவருகிறது. செண்டாக்குக்கு 1964இல் கிடைத்தது இரண்டாவது. இந்தியாவில் சாகித்திய அகாதெமி 2010இல் சிறுவர் இலக்கியத்துக்கென விருது ஏற்படுத்தியது, அது எழுத்தாளருக்கு. வரவேற்கவேண்டிய விருது, ஐயமில்லை. ஆனால் படக்கதை நூல் ஒன்று அதன் முன் வந்தால், நடுவர் எதை எடைபோடுவார்? 32 சொற்களையா?

இங்கும் அனைத்தும் இருண்டிருக்கவில்லை. சிங்கப்பூரில் 2010 முதல் நடைபெற்றுவரும் சிறுவர் படைப்புகளுக்கான ஆசிய விழாவில் எழுத்தாளர், ஓவியர், பதிப்பாளர், ஆசிரியர் ஆகியோர் ஒரு கூரையின்கீழ் கூடுகின்றனர். சென்னையில் 1996இல் தோன்றிய தூலிகா பதிப்பகம் ஒரே படநூலைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளியிடுகிறது. ஓவியர் பெயர் அட்டையிலேயே நிற்கிறது. 1994இல் தொடங்கிய தாரா பதிப்பகம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. கோண்டு பழங்குடி ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் ஊர்வேதி ஆகிய மூவரின் மரங்களைக் கைத்தாளில் பட்டுத்திரை அச்சில் பதித்து 2006இல் அது வெளியிட்ட நூலுக்கு, 2008இல் இத்தாலியின் பொலோஞா புத்தகச் சந்தை விருதளித்தது. அங்கே ஓவியரே ஆசிரியர். அந்நூலை வாங்கிப் போற்றுவோர் பெரும்பாலும் வளர்ந்தவர்களே என்பது என் எண்ணம். பாலும் சோறும் சிந்தும் கையில் அதைக் கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆயினும் வழி திறந்தது உண்மை.

தொழிலின் நுணுக்கம்

எழுத்தாளர் அறியவேண்டிய தொழில் நுணுக்கம் சில உண்டு. படநூல் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளின் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் பதினாறு பக்கம். இரண்டு மடிப்புக்கு முப்பத்திரண்டு. முகப்பும் பதிப்புரையும் போக, கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு விரிபக்கங்கள். ஒவ்வொரு முறை பக்கம் புரளும்போதும் ஒரு கேள்வி எழவேண்டும், மறுபக்கத்தில் விடை இருக்கவேண்டும். ஆகவே தேர்ந்த எழுத்தாளர் தாளை மடித்து, 'டம்மி' என்று அச்சுக்கூடத்தார் சொல்லும் மாதிரி நூல் ஒன்றைக் கத்தரித்துத் தைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறார். மேலைநாட்டிலும் பல நூல்களில் எழுதுபவரும் வரைபவரும் நேரில் சந்திப்பதில்லை. பதிப்பகத்தின் ஆசிரியர் நடுவில் நிற்கிறார். ஆனால் அவர் படம் அறிந்தவர். நம்மிடம் அந்த நடு ஆள் இல்லை. கைப்படி அச்சகத்துக்குப் போகிறது. அங்கிருந்து 'எட்டுப் படம் வேண்டும்' என்று ஓவியருக்குச் சொல்லி அனுப்பப்படுகிறது.

தமிழுக்கேயுரிய இடர்களும் உள. நம் வினைமுற்று நீளமானது. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தில் முடிவது நமக்கு எட்டு எழுத்தாகும். பெரிய எழுத்தில் அச்சிட்டால் படத்தின் வானத்தையெல்லாம் மறைக்கும். மொழிபெயர்ப்புப் படநூல்களில் இந்த நெருக்கடியை அடிக்கடி காணலாம். அடுத்தது பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. 'சென்றுகொண்டிருந்தது' என்று அச்சில் இருக்க, தாய் அதைப் 'போயிட்டிருந்துச்சு' என்று மாற்றித்தான் பிள்ளைக்குச் சொல்கிறாள். இதைக் குறையென்று கருதுவோர் உளர். நான் வாய்ப்பென்றே கருதுகிறேன். 'ரோசியின் உலா'வில் கோழி குளத்தைச் சுற்றுகிறது, வேலிக்குள் நுழைகிறது, தேன்கூடுகளுக்கு அடியில் போகிறது. 'மேலே', 'கீழே', 'ஊடே', 'சுற்றி' என்னும் சொற்களைப் படம் சுமந்துகொள்கிறது. வினையைத் தாய் தன் வழக்கில் சொல்லிக்கொள்ளலாம். வினைமுற்றுகளின் சுமையைப் படத்தின் தோளுக்கு மாற்றிய தமிழ் நூல் ஒன்று வருமானால், மொழித்தூய்மையைப் பற்றிய நம் சச்சரவில் பாதி அங்கேயே தீர்ந்துபோகும்.

இது மலாயாத் தமிழர்க்கும் சிங்கைத் தமிழர்க்கும் ஏன் முதன்மையானது? தமிழ்நாட்டுப் பிள்ளை தெருவில் தமிழ்ப் பலகையையாவது பார்க்கிறது. நம் பிள்ளைகளிற் பலர்க்குத் தமிழ் என்பது பள்ளியில் ஒரு பாடம். எழுத்தை அறிவதற்கு முன் அவர்கள் தமிழ் நூலொன்றைத் தம்முடையதாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால், படம் ஒன்றே கைப்பிடி.

சில ஆண்டுகளுக்கு முன் உள்ளூர்க் குழந்தைப் பாட்டு நூல் ஒன்று என் கைக்கு வந்தது. எழுதியவர் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் வேண்டா. பாட்டு நன்று, ஓசை நன்று. ரம்புத்தான் பழத்தைப் பற்றியது. சிவப்புத் தோல், அதன்மேல் மயிர், பிதுக்கினால் வெளிவரும் வெள்ளைச் சதை என்று அழகாக அடுக்கியிருந்தார். படத்தில் இருந்ததோ கொத்தாகத் தொங்கும் மாம்பழம்! பாவாடை சட்டை அணிந்த சிறுமி ஓலைக்குடிசை வாசலில் நின்று அதைப் பறிக்கிறாள். வரைந்தவர் கடலுக்கு அப்பால் இருந்தவர், ரம்புத்தானைக் கண்டதில்லை, கேட்க ஒருவரும் இல்லை. என் பேத்தியிடம் பாட்டைப் படித்தேன். நான்கு வயது. அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் பிறந்தவள். படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, 'தாத்தா, மயிர் எங்கே?' என்று கேட்டாள். நான் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அன்றிலிருந்து அந்த நூலை அவள் எடுத்துவந்ததில்லை. பாட்டு பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் கண்ணுக்குப் பாட்டுதான் பொய்யாயிற்று.

ஓவியரை நான் குறைசொல்லவில்லை. எழுத்தாளரும் பதிப்பாளரும் அவரிடம் ஒரு முறை பேசியிருந்தால் போதும். வேண்டுமானால் அவர் நம்மூர் அடுக்குமாடிக் கூடத்தையும் சந்தைக்கடையையும் வரைந்து, பாட்டில் இல்லாத ஒரு பூனையையும் மூலையில் வைத்திருப்பார். பாட்டைப் படிக்கும் தாத்தாவுக்குத் தெரியாத பூனை அது, பேத்தி கண்டுபிடித்திருப்பாள்.

அந்நூலின் மறுபதிப்பு வரவிருக்கிறதாம். பாட்டில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததென்றும், அதைத் திருத்திவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். படத்தைப் பற்றி விசாரித்தேன். 'அது அப்படியேதான் இருக்கிறது, ஐயா' என்றார்கள்.